தரையில்லாத சுவர்

அவருக்கு ரசமட்டம் என்று பெயர் வைத்தது அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. கேலிக்கு வைத்த பெயர். அதை அவர் பட்டமாக எடுத்துக்கொண்டுவிட்டதால் கேலி போய்விட்டது, பெயர் நிலைத்துவிட்டது. தெருவில் யாராவது "ரசமட்டம் வீடு எது?" என்று கேட்டால், ஜன்னலிலிருந்து அவரே கை தூக்குவார்.

சென்ட்ரிங் தச்சர். கான்கிரீட் ஊற்றுவதற்குப் பலகையால் அச்சு அடைப்பது வேலை. அச்சு எப்படியோ கான்கிரீட்டும் அப்படித்தான் நிற்கும். பலகை நெளிந்தால் சுவர் நெளியும், காலத்துக்கும் அப்படியே இருக்கும். இறுகியதும் பலகையைப் பிரித்து எடுத்துவிடுவார்கள், அடைத்தவன் யார் என்று சுவர் சொல்லாது. அதற்காக அவர் வருத்தப்பட்டதில்லை. சுவர் சொல்லாததை அவரே சொல்லிவிடுவார்.

"இந்தப் பாலத்துத் தூண் இருக்கே, நான் அடைச்சது. தடவிப் பாருங்க. சும்மா தடவுங்க சார்."

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள், ஆஸ்பத்திரி வரிசையில் நின்றவர்கள், மகளுடைய கல்லூரிப் பேராசிரியர் எல்லோரும் எதையாவது தடவிப் பார்த்திருக்கிறார்கள்.

வீட்டிலும் ஒன்றும் சாய்ந்திருக்கக் கூடாது. அலமாரி, கட்டில், சாப்பாட்டு மேஜை எல்லாவற்றின் மேலும் ரசமட்டத்தை வைத்து, கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பார். மனைவி தையல்காரி. தைக்கும்போது பேச்சும் ஓடும்.

"என்னைக் கட்டிக்கும்போது மட்டம் வெச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேன். வாய்ப் பக்கம் கொஞ்சம் சரிவு. பரவால்லன்னு எடுத்துக்கிட்டேன்."

அன்றைக்கு அவருக்குக் காப்பி தாமதமாக வந்தது.

வீடு கடற்கரை நடைபாதைக்குப் பின்னால் இரண்டாவது தெருவில். தெரு நடைபாதையைவிடத் தாழ்வு. புயல் நாட்களில் கடல் பழைய கைப்பிடிச் சுவரைத் தாண்டி நடைபாதையில் ஏறும். ஏறியது அங்கே நிற்காது, சந்துகள் வழியாக இறங்கித் தெருவுக்கு வரும். வீடுகளுக்குள்ளும் வரும். வடிந்த பிறகு சுவர்ப்பூச்சு முழங்காலுக்குக் கீழே உப்புப் பூத்து உதிரும். பூசுவார்கள், மறுபடி உதிரும். ஒரே சுவரைத் திரும்பத் திரும்பப் பூசுவது அவருக்கு அவமானமாக இருந்தது. கடலைத் திட்டினால் பிரயோஜனமில்லை என்பதால் பூசியவரைத் திட்டுவார்.

மகள் நீரியல் படித்தாள். வெளியூரில் ஒரு வடிவமைப்பு அலுவலகத்தில் சேர்ந்தாள். எந்தப் புயலில் அலை எவ்வளவு தூரம் ஏறும், சுவர் எவ்வளவு உயரம் வேண்டும் என்று கணக்குப் போடுவது அவள் வேலை. அவருக்கு அந்தக் கணக்கு புரியவில்லை. புரியாததைச் சுருக்கிச் சொல்ல அவருக்குத் தெரியும்.

"எம் பொண்ணு கடலுக்கு உயரம் அளக்கிறா."

இதை அவர் சொல்லாத ஆள் அந்த ஊரில் இல்லை.

மச்சானுக்குத் தரை வேலை. கல் பதிப்பார், தளம் போடுவார். நல்ல வேலைக்காரர், நல்ல வாய்க்காரர். இருவரும் ஒரே கட்டடத்தில் சேர்ந்தால் மேஸ்திரிக்குத் தலைவலி வரும். சண்டை முற்றியது ஒரு மருந்துக்கடையில். இவர் கதவு மாட்டிவிட்டுப் போனார். அவர் வந்து தளக்கல் பதித்தார். கல் நினைத்ததைவிடத் தடிமன். கதவு பாதியில் உட்கார்ந்துகொண்டது.

"கதவைச் சீவுங்க மாமா."

"கல்லைப் பேர்றா."

"என் தரை சரியா இருக்கு."

"என் கதவு சரியா இருக்கு."

கடைக்காரர் தன் கடைக்குள் தானே ஒருக்களித்து நுழைந்துகொண்டு சில நாள் பொறுத்தார். பிறகு வேறொரு தச்சரைக் கூப்பிட்டுக் கதவைச் சீவிவிட்டார். தன் கதவில் இன்னொருத்தன் இழைப்புளி ஓடியதை ரசமட்டத்தால் ஜீரணிக்க முடியவில்லை. அன்றோடு மச்சானிடம் பேச்சு நின்றது. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தால்கூட, "அக்கா, மாமாவைத் தண்ணியை நகத்தச் சொல்லு" என்றுதான் பேச்சு போகும். ஒரு வேலையில் தரை என்று ஒன்று இருந்தால் அந்தப் பக்கம் அவர் பார்வையே போகாது. அது அந்த ஆளுடைய சாம்ராஜ்யம். எப்படியோ போகட்டும்.

நகரசபையில் இரண்டு கோப்புகள் பல வருஷமாகக் கிடந்தன. ஒன்று, உடைந்துபோன கடற்கரை நடைபாதையைச் சீராக்குவது. இன்னொன்று, வெள்ளத்தைத் தடுக்கச் சுவர் கட்டுவது. முதலாவதை எல்லோரும் கேட்டார்கள். இரண்டாவதை, புயல் அடித்த வாரத்தில் மட்டும் கேட்டார்கள். இரண்டையும் ஒரே வேலையாகச் செய்யலாம் என்று ஒரு திட்டம் வந்தது. உயரமான தடுப்புச் சுவர். அதற்குக் கடல் பக்கம் அலையின் வேகத்தை உடைக்கும் அகலப் படிகள், மற்ற நாட்களில் அதில் மக்கள் உட்காரலாம். ஊர்ப் பக்கம் மண் நிரப்பி நடைபாதையையே இடுப்பளவு தூக்கிவிடுவது. தரை உயர்ந்தால் சுவரில் பாதி தரைக்கு அடியில் போய்விடும். நடப்பவனுக்கு இடுப்புயரச் சுவர்தான் இருக்கும், கடலுக்கு ஆளுயரச் சுவர்.

திட்டம் மகளுடைய அலுவலகத்துடையது. உயரக் கணக்கு அவளுடையது.

வரைபடத்தைக் காட்டினால் மக்களுக்குப் புரியாது, நிஜ அளவில் ஒரு மாதிரிச் சுவரை நடைபாதையில் நிறுத்திக் காட்டலாம் என்று நகரசபை முடிவு செய்தது. உள்ளூர் ஒப்பந்தக்காரர் வேலையைத் தச்சரிடம் கொடுத்தார். தச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை. மகள் போட்ட சுவரை, கட்டுவதற்கு முன்பே, அப்பன் நிறுத்திக் காட்டப் போகிறான்.

மகள் போனில் கூப்பிட்டாள். "அப்பா, படத்துல பின்பக்கம் ஒரு புள்ளிக்கோடு இருக்கும். அதையும் பாத்துக்கோங்க."

"பாத்துட்டேன், பாத்துட்டேன்."

பார்த்துத்தான் இருந்தார். புள்ளிக்கோடு புதுத் தரை. தரை என்றதுமே அவர் கண் சுவருக்குத் திரும்பிவிட்டது.

ஒரு பஸ் நீளத்துக்கு ஒட்டுப்பலகையில் சுவரை நிறுத்தினார். பின்னால் முட்டுக் கொடுத்தார். சாம்பல் வர்ணம் அடித்தார். மேல்விளிம்பில் மட்டத்தை வைத்துக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தார், குமிழி அசையவில்லை. வேலை மேற்பார்வையாளர் கருவி வைத்துப் பார்த்து, "மேல்மட்டம் அச்சு அசலா படத்துல இருக்கிறபடியே இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். தச்சர் அன்று மாலை வழியில் பார்த்தவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போய்த் தடவ வைத்தார்.

ஊர் வந்து பார்த்தது. பழைய தரையில் நின்று பார்த்தது. சுவர் தச்சருக்குப் புருவம் வரை வந்தது. அவர் மனைவிக்கு நெற்றிக்கு மேலே போனது. கடல் சத்தம் மட்டும் கேட்டது.

"என்னடா இது, ஜெயிலா?" என்றார் ஒருவர். அந்த வார்த்தை சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது.

கூட்டத்தன்று நகரசபை மண்டபத்தில் நிற்க இடமில்லை. மேடையில் மகள் நின்றாள். திரையில் படம் போட்டு, தரை உயரும், கடல் தெரியும் என்று விளக்கினாள். கேட்டவர்கள் கண்ணில் பலகைதான் நின்றது. கேள்வி நேரத்தில் முன்வரிசையிலிருந்து எழுந்தது தையல்காரி. மேடையில் நிற்பது மகள் என்பதோ, பலகை அடித்தது புருஷன் என்பதோ அவளைத் தடுக்கவில்லை.

"நான் தினம் காலையில அங்க நடக்கிறது கடலைப் பாக்கிறதுக்கு. பலகையைப் பாக்கணும்னா எங்க வீட்டுலயே ஒருத்தர் அடுக்கி வெச்சிருக்கார்."

மண்டபம் குலுங்கியது. கைதட்டல். தச்சர் கடைசி வரிசையில் நின்றிருந்தார், முகத்தில் ஈயாடவில்லை. மகள் மேடையில் ஏதோ சொன்னாள், அது யார் காதிலும் விழவில்லை. அவள் கையிலிருந்த காகிதத்தை மடித்தாள், மறுபடி மடித்தாள்.

நகரசபைத் தலைவி முடிவைச் சொன்னார். அடுத்த கூட்டத்தில் ஓட்டெடுப்பு. ஊர் வேண்டாமென்றால் சுவர்த் திட்டம் மூடப்படும். பழைய நடைபாதையில், பழைய மட்டத்திலேயே, புதுக் கல் மட்டும் பதிக்கப்படும்.

அதாவது கடல் வழக்கம்போல வரும்.

வீட்டில் சாப்பாட்டு மேஜையில் மகள் வரைபடத்தை விரித்தாள். கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்பா, இந்தப் புள்ளிக்கோடு."

"பாத்தேன்மா."

"பாத்துட்டா விட்டீங்க?"

"அது தரைம்மா. தரை என் வேலை இல்லையே."

அவள் புள்ளிக்கோட்டின் மேல் விரலை வைத்தாள். "சுவர் சரியாத்தான் இருக்குப்பா. ஒரு நூல் தப்பில்ல. பாக்கறவங்கதான் பள்ளத்துல நிக்கறாங்க."

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "அப்போ நான் பாத்தது முழுச் சுவர் இல்லையா?"

"முழுச் சுவர்தாம்மா. பாதி தரைக்குள்ள போயிடும்."

"அதைக் கூட்டத்துல சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். நீதான் எல்லாரையும் சிரிக்க வெச்சுட்டிருந்தே."

"சொன்னா எப்படிடீ புரியும்? துணியைக் காட்டாம சட்டை நல்லா இருக்கும்னா யாராவது ஒத்துப்பாங்களா?" என்றாள் அம்மா. தணிந்த குரல்தான், ஆனால் பின்வாங்கவில்லை. "எனக்குத் தெரியாததை நான் தெரியுதுன்னு சொல்ல மாட்டேன்."

தச்சர் தட்டைத் தள்ளி வைத்தார். ஆயுசு முழுக்க ஊரைக் கூட்டித் தன் வேலையைக் காட்டியவர். இப்போது ஊரே வந்து பார்த்துவிட்டது. பார்த்தது அவர் வேலையை அல்ல, அவர் விட்டுவிட்ட வேலையை. மகள் நின்று பேச வேண்டிய தரையை அப்பன் போடாமல் விட்டுவிட்டான். கையைக் கழுவிக்கொண்டு எழுந்தவர் அந்த வாரம் யாரையும் எதையும் தடவச் சொல்லவில்லை.

மறுநாள் காலை மச்சான் வேலை செய்த இடத்துக்குப் போனார். ஒரு கடை வாசலில் மண்டி போட்டுக் கல் தட்டிக்கொண்டிருந்தார் மச்சான். சுற்றிலும் அவருடைய ஆட்கள்.

"வாங்க ரசமட்டம். என்ன, கதவு திறக்கலையா?"

தச்சர் அவருக்கு எதிரே குந்தினார். "ஒரு வேலை இருக்கு."

"சீவறதா, பேக்கறதா?"

"போடறது. தரை போடணும்."

மச்சான் ரப்பர் சுத்தியலைக் கீழே வைத்தார். "என்ன போடணும்?"

"காதுல விழுந்துச்சுல்ல."

"விழுந்துச்சு. இன்னொரு தடவை கேக்க ஆசையா இருக்கு. யப்பா, கொஞ்சம் வேலையை நிறுத்துங்க, மாமா ஒரு வார்த்தை சொல்லப் போறார்."

ஆட்கள் நிறுத்தினார்கள்.

"தரை. சுவருக்குப் பின்னாடி தரை போடாம விட்டது என் தப்பு. போதுமா?"

"யாருக்குப் போடணும்?"

"உன் மருமகளுக்கு."

மச்சான் எழுந்தார். முகத்தில் விளையாட்டு போய்விட்டது. "அப்போ ஜெயில்னு சொன்னது உங்க பலகையை இல்ல, பாப்பா போட்ட சுவரையா? ஐயோ, அக்கா பேசினப்ப நானும் கைதட்டினேனே."

"நீயுமாடா?"

"உங்களைத் திட்டுதுன்னு நெனச்சுத் தட்டினேன் மாமா. இல்லன்னா தட்டுவனா?"

தச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. மச்சான் கல்தூசிக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "எந்த மட்டம்? படம் இருக்கா?" என்றார்.

மாதிரிச் சுவருக்குப் பின்னால், அதே நீளத்துக்கு, புதுத் தரை மட்டத்தில் ஒரு மேடை. கீழே தச்சருடைய சட்டங்கள், மேலே மச்சானுடைய தளக்கற்கள். ஊரே ஏறி நின்றாலும் தாங்க வேண்டும் என்று மகள் சட்டங்களின் தடிமனையும் இடைவெளியையும் கணக்கிட்டு அனுப்பினாள். தச்சர் அதில் கை வைக்கவில்லை, தன் பங்குக்கு ஒரு முட்டு சேர்க்கக்கூட இல்லை. நகரசபைப் பொறியாளர் வந்து பார்த்து ஒப்புதல் கொடுத்தார். ஒரு பக்கம் படி, மறுபக்கம் சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம். சுவருக்கு எதிரே ஒரு பெஞ்சு.

முதல் நாள் ஒழுங்காகப் போனது. இரண்டாம் நாள் தச்சர் கல்லின் மேல் மட்டத்தை வைத்தார். குமிழி ஒரு பக்கமாக ஓடியது.

"டேய், சாயுதுடா."

"சாயத்தான் போட்டிருக்கேன்."

"சாஞ்ச வேலையில நான் நிக்க மாட்டேன்."

"மழை பெஞ்சா தண்ணி எங்க போகும் மாமா? உங்க பேர் மேல நிக்குமா?"

மருந்துக்கடைச் சண்டை மறுபடி உயிர் பெறும்போல இருந்தது. தச்சர் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார். "பாப்பா, உங்க மாமன் தரையைச் சாய்க்கிறான்."

"சாயணும்பா. கடல் பக்கமா. சுவரைத் தாண்டித் தெறிச்சு விழற தண்ணி தெருவுக்குப் போகக் கூடாது. சுவரடியில துளை வெச்சு, ஒருவழி மூடி போடறோம். அது வழியா தண்ணி கடலுக்கே திரும்பிடும்."

"எவ்வளவு சாயணும்?"

"மாமா கையிலயே வரும்பா. அவர் போட்ட தரையில என்னிக்காவது தண்ணி தேங்கிப் பாத்திருக்கீங்களா?"

தச்சர் யோசித்துப் பார்த்தார். பார்த்ததில்லை. மருந்துக்கடையில்கூட இல்லை. மட்டத்தைப் பைக்குள் போட்டார். மச்சான் வாயைத் திறப்பதற்குள், "ஒண்ணும் சொல்லாதே" என்றார். மச்சான் விசிலடித்துக்கொண்டே அடுத்த கல்லை வைத்தார்.

மேடை திறந்த முதல் நாள் காலையில் மனைவி எதிர்ச்சாரியில் நடந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. தச்சர் கருவிப் பெட்டிமேல் உட்கார்ந்து அவள் போவதைப் பார்த்தார். மற்றவர்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். சிலர் தலையாட்டினார்கள். அதெல்லாம் அவர் கண்ணில் படவில்லை.

"எங்க அக்கா ஏறலன்னா இவருக்கு ஊரே ஏறலன்னு அர்த்தம்" என்றார் மச்சான் தன் ஆட்களிடம்.

மறுநாள் அவள் கூட நடக்கும் நர்ஸ் அக்காவோடு வந்தாள். நர்ஸ் அக்காவுக்கு முழங்கால் வலி, உட்கார இடம் வேண்டியிருந்தது. இருவரும் சாய்தளம் வழியாக ஏறினார்கள். அவள் சுவருக்கு அருகே போய் நின்றாள். இடுப்பு உயரம். கையை மேலே ஊன்றிப் பார்த்தாள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்தாள். நின்றால் தெரியும் என்பது பெரிய விஷயமில்லை, உட்கார்ந்தால் தெரிகிறதா என்பதுதான் அவள் வழக்கு. கொஞ்சம் கழுத்தை இறக்கிக்கூடப் பார்த்தாள். செருப்பைக் கழற்றினாள். நர்ஸ் அக்கா ஆஸ்பத்திரிக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போன பிறகும் உட்கார்ந்திருந்தாள்.

தச்சருக்கு ஓடிப் போய் ஏதாவது சொல்ல வாய் துறுதுறுத்தது. போகவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் வேலையைப் பற்றி வாயே திறக்காமல் நின்றார். அது எவ்வளவு கஷ்டமான வேலை என்று பிறகு மகளிடம் சொன்னார்.

அன்று அவள் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

இரண்டாவது கூட்டத்தில் முதலில் எழுந்தவர் நடைபாதையை ஒட்டி மருத்துவமனை வைத்திருக்கும் பல் டாக்டர். "என் கீழ்த்தள ஜன்னல்லருந்து இனிமே கடல் தெரியாது. நான் பல்லைப் பிடுங்கும்போது கடலைப் பாத்துக்கிட்டு இருக்கறதாலதான் பாதிப் பேர் கத்தாம இருக்காங்க."

சிரிப்பு எழுந்தது. மகள் சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தாள். "உங்க ஜன்னல்லருந்து தெரியாதுங்க டாக்டர். அது உண்மைதான். அதுக்கு என்கிட்ட மாற்று இல்ல. அந்த ஜன்னல் வழியா கடல் உள்ள வராதுன்னு மட்டும்தான் என்னால சொல்ல முடியும்."

டாக்டர் சமாதானமாகவில்லை. எதிர்த்துத்தான் ஓட்டுப் போட்டார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது.

பிறகு தையல்காரி எழுந்தாள். மண்டபம் இன்னொரு நகைச்சுவைக்குத் தயாராகி நிமிர்ந்து உட்கார்ந்தது. கடைசி வரிசையில் தச்சர் மச்சானின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"போன தடவை நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்" என்றாள். "உட்கார்ந்தா தெரியுது."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள்.

கைகள் உயர்ந்தன. எண்ணுகிறவர் ஒரு வரிசையைத் திரும்ப எண்ணினார். திட்டம் நிறைவேறியது. மேடையில் மகள் தண்ணீர்க் கோப்பையை எடுத்தாள், குடிக்கவில்லை, வைத்தாள். மச்சான் கைதட்டினார். இந்தத் தடவை யாருக்காகத் தட்டுகிறோம் என்று தெரிந்து தட்டினார்.

வீட்டுக்கு நடக்கும்போது தச்சர் கேட்டார். "எனக்காகத்தானே கை தூக்கினே?"

"உங்களுக்காகவா?"

"சரி, பாப்பாவுக்காக."

"உட்கார்ந்தா தெரியலன்னா உங்க ரெண்டு பேரையும் சேத்துத்தான் எதிர்த்திருப்பேன்."

அவர் நின்றுவிட்டார். பிறகு வேகமாக நடந்து அவளைப் பிடித்தார். அதிலிருந்து அவர் ஊரில் சொன்ன கதை மாறிவிட்டது. பாலத்துத் தூண் பின்னுக்குப் போனது. "என் சம்சாரம் இருக்காளே, புருஷன்னு பாக்கல, பொண்ணுன்னு பாக்கல. உக்காந்து பாத்தா, தெரிஞ்சுது, கை தூக்கினா. அப்படிப்பட்ட ஆளு ஒத்துக்கிட்ட சுவர் சார் அது."

நிஜச் சுவருக்கு அச்சு அடைத்ததும் அவர்தான். சுவரின் கடல் பக்கத்து முகம் மேலே போகப் போக வெளியே வளையும். ஏறி வரும் அலையை அந்த வளைவு சுருட்டிக் கடலுக்கே திருப்பி எறியும். வாழ்நாளெல்லாம் நேர்ப்பலகை அடித்தவர் வளைவுக்குப் புதிதாகக் கை பழக்கினார். பலகையை மெல்லிய பட்டைகளாக அறுத்து, விலா எலும்புபோல வளைவாக வெட்டி வைத்த சட்டங்களின் மேல் ஒவ்வொன்றாக வளைத்து அறைந்தார். முதல் துண்டு சரியாக வரவில்லை. பிரித்து எறிந்துவிட்டு மறுபடி அடைத்தார். அது வந்த பிறகு வந்ததெல்லாம் வழுவழுவென்று இருந்தது. அவர் அடைத்துக்கொண்டு முன்னே போக, மச்சான் தரை போட்டுக்கொண்டே பின்னால் வந்தார். மதியம் இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிட்டார்கள். சண்டை தினமும் நடந்தது, ஆனால் நேருக்கு நேராக நடந்தது.

வேலை முடிய இன்னும் கொஞ்சம் இருந்தபோது அவர் இறந்தார். மாரடைப்பு. வேலைக்குக் கிளம்பச் சட்டை போட்டுக்கொண்டிருந்தார். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மீதி நீளத்தை அவருடைய ஆட்கள் அடைத்தார்கள். எங்கே அவர் கை முடிந்து அவர்கள் கை தொடங்குகிறது என்று சுவரைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மகள் முயன்று பார்த்தாள். அவர் ஆட்களை அப்படிப் பழக்கி வைத்திருந்தார்.

அடுத்த பருவத்தில் புயல் வந்தது. பெரிய புயல். கடல் படிகளில் ஏறியது, ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் உடைந்தது, மிச்சம் சுவரில் மோதியது. வளைவில் சுருண்டு, எழும்பி, வந்த திசைக்கே திரும்பி விழுந்தது. தெறித்தது நடைபாதையில் விழுந்து, சரிவில் ஓடி, சுவரடித் துளைகள் வழியாகக் கடலுக்குப் போனது.

தெருவில் ஆட்கள் பழைய வழக்கப்படி சாமான்களை உயரத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மச்சான் இரண்டு ஆட்களோடு நனைந்தபடி அக்கா வீட்டுக்கு ஓடி வந்தார். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள்.

"எழுந்திரு அக்கா, மிஷினைத் தூக்கிக் கட்டில்மேல வெக்கணும்." சொல்லிக்கொண்டே ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டார்.

அவள் ஊசியை நிறுத்தினாள். "எதுக்கு?"

"எதுக்கா? வெளிய பாரு, எப்படி அடிக்குதுன்னு."

"பாத்தேன். உயரம் போட்டது என் பொண்ணு. அடைச்சது என் புருஷன். தரை நீ போட்டது. இந்த மூணுல எதுமேல உனக்கு நம்பிக்கை இல்ல?"

மச்சான் அக்காவைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். தெரு மழையில் நனைந்திருந்தது, அதற்குமேல் ஒன்றுமில்லை.

தூக்கிய பக்கத்தை மெதுவாகக் கீழே இறக்கினார்.

"மிஷின் மேஜை ஆடுது பாரு, சரியா வை" என்றாள் அவள். பிறகு விட்ட இடத்திலிருந்து தைக்கத் தொடங்கினாள்.